பகலில் பூட்டிய வீடு

அத்தியாயம் 9

பானுமதி மில்லில் நைட் ஷிஃப்டில் நின்றபடியே தூங்கி, மேஸ்திரியிடம் வசவு வாங்கியதைப் போன வாரம் படித்துவிட்டு வருத்தப்பட்டவர்களுக்கு ஒரு செய்தி. அவள் வேலை போகவில்லை. "இன்னொரு தடவை கண்ணு சொக்குச்சுன்னா நாளையில இருந்து வர வேண்டாம்" என்பதோடு மேஸ்திரி விட்டுவிட்டார். இனி அவள் தூங்க வேண்டியது வீட்டில், பகலில். அதுதான் வரமாட்டேன் என்கிறது.

மலையில் பகல் தூக்கம் என்றால் சும்மாவா? மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் அவர்கள் ஊரில் மொத்தமே முப்பது வீடு. பகலில் ஒருவரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று அர்த்தம். இரண்டில் எதுவானாலும் விசாரிக்காமல் தாண்டிப் போவது மரியாதை ஆகாது.

அதனால் பானுமதி கதவைச் சாத்திப் படுத்த முதல் வாரம் ஊரே வந்து விசாரித்தது. "தூங்கறியா? சரி சரி, தூங்கு" என்று சொல்வதற்காகவே அவளை எழுப்பியவர்கள் உண்டு.

"நான் வேணும்னா வெளிய பூட்டிட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டது அவள் புருஷன் சின்னுசாமிதான். வெளியே பூட்டு தொங்கினால் யார் தட்டப் போகிறார்கள்? காலை ஒன்பது மணிக்குப் பூட்டுவான். மத்தியானம் மூன்று மணிக்கு வந்து திறப்பான். சாவி அவன் அரைஞாண் கயிற்றில் இருக்கும்.

இது மூன்று வாரமாக நடக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாது. மூன்று வீடு தள்ளி இருக்கும் சின்னுசாமியின் அக்கா ருக்குமணிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால், 'என்னை வெளியே நிறுத்தத்தானே இந்தப் பூட்டு' என்று ஆறு மாதம் பேசமாட்டாள். ருக்குமணி கோபத்தைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே.

எனக்கு இந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரே ஒரு வாசல் உள்ள வீடு. ஜன்னலில் கம்பி. ஆனால் கதை சொல்கிறவர்களின் பேச்சைக் கதையில் இருப்பவர்கள் எப்போது கேட்டிருக்கிறார்கள்?

* * *

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அடிவாரத்திலிருந்து ஏறி வந்த மில் வேன் பானுமதியை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனது. பனி இன்னும் விலகவில்லை. காதுக்குள் மிஷின் ஓடுகிற சத்தம் ஓய்ந்தபாடில்லை. இறங்கி நடக்கும்போது தரை லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. முதல் வாரத்தில் இப்படி இருந்தபோது பயந்தாள். இப்போது பழகிவிட்டது, அல்லது பழகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள்.

சின்னுசாமி களி கிண்டி வைத்திருந்தான். அவன் தட்டை நீட்டும்போதுதான் பானுமதி அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குது? ராத்திரி தூங்கலீங்களா?"

"தூங்கினேன், தூங்கினேன்."

"பொய் சொல்லாதீங்க."

அவன் சிரித்தான். "நீ அங்க விடிய விடிய முழிச்சு நிக்கறே. நான் இங்க காலை நீட்டிப் படுத்தா எப்படிப் புள்ள தூக்கம் வரும்? ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்தேன். அப்புறம் வரல."

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்குது, நீ சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். அவன் மூலையில் சாய்த்திருந்த மூங்கில் ஏணியை எடுத்து வாசலில் வைத்தான். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைக்க இடம் விட்ட ஏணி. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறி, மேலே படர்ந்திருக்கும் மிளகைப் பறிக்க மலையில் எல்லோரும் வைத்திருப்பதுதான்.

"இந்தக் கண்ணோட மரம் ஏற வேண்டாமுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"பழுத்து உதிருது. பாதிக் கொடி வாடல் நோய்ல போச்சு. மிச்சத்தையும் குருவிக்குக் குடுக்கறதா? ப்ரியா படிப்பு முடியற வரைக்கும் நாம ரெண்டு பேரும் ஓடித்தான் ஆகணும். நீ படு."

அவர்கள் மகள் சண்முகப்பிரியா நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். பானுமதி மில்லுக்குப் போக ஆரம்பித்ததே அதற்காகத்தான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பானுமதி அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். ஆனால் அவள் உடம்பே தூக்கத்துக்கு ஏங்கியது. அத்தோடு அவள் புடவைத் தலைப்பில் ஒரு ரகசியம் முடிந்திருந்தது. கூட வேலை செய்கிறவள் கொடுத்த சளி மாத்திரை. "ஒண்ணு போட்டீனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவே" என்று சொல்லிக் கொடுத்தாள். சளி இல்லாமல் சளி மாத்திரை போடுவதைச் சின்னுசாமி ஒத்துக்கொள்ளமாட்டான். அவன் வாசலுக்குத் திரும்பியபோது தண்ணீரோடு விழுங்கிவிட்டாள்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். போனை அணைத்தாள்.

"மூணு மணிக்கு வந்தர்றேன்" என்றான் அவன். பூட்டு விழுகிற சத்தம் பஞ்சுக்கு அப்பால் எங்கேயோ கேட்டது.

* * *

பானுமதிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வழியில் பார்க்கிறவர்கள், "எங்க, பானுவைக் காணோம்? ஊடு பூட்டியிருக்குதே?" என்று கேட்டால் சின்னுசாமி என்ன சொல்வான் என்று அவள் யோசித்ததே இல்லை.

ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்றான். ஒரு நாள் மலையில் இருக்கும் டவுன் செம்மேட்டுக்கு. இன்னொரு நாள் பேங்குக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பேங்குக்கு என்று சொல்லி வைத்தான். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கே நினைவிருக்காது.

கேட்டவர்களுக்கு நினைவிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ருக்குமணியும் பக்கத்து வீட்டுப் பரிமளாவும் போன வாரமே கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

"எட்டு மணிக்கு வேன்ல வந்து எறங்கறாங்க. ஒம்பது மணிக்கெல்லாம் ஊடு பூட்டிக் கெடக்குது. சாயங்காலம் பாத்தா அங்கயே நிக்கறாங்க. நடுவுல தெனமும் எங்க போறாங்க அக்கா?" என்றாள் பரிமளா.

"எனக்கென்ன தெரியும்? எந்தம்பி வாயத் தொறந்தாத்தானே."

அப்போது அது வெறும் பேச்சு.

* * *

பதினொன்றரை மணிக்குச் சின்னுசாமி விழுந்தான்.

பார்த்தது ராசு ஒருவன்தான். பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவன், ஏதோ கேட்பதற்காக நிமிர்ந்து பார்த்திருக்கிறான். ஏணி ஆடவில்லை. கால் வழுக்கவில்லை. சின்னுசாமி மரத்தோடு சாய்ந்து அசையாமல் நின்றிருக்கிறான். பிறகு இரண்டு கையும் தானாக விலகின. ஒரு சத்தமும் போடாமல் பின்பக்கமாக வந்து விழுந்தான். கீழே பாறை.

ராசு போட்ட கூச்சலில் ஊர் திரண்டது. நாலு பேர் கம்பளியில் தூக்கினார்கள். ருக்குமணி தலைவிரி கோலமாக ஓடி வந்து தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கணமே திரும்பி அவன் வீட்டை நோக்கி ஓடினாள். என்ன இருந்தாலும் கட்டியவளுக்கு முதலில் சொல்ல வேண்டும் அல்லவா?

கதவில் பூட்டு தொங்கியது.

"பானூ!" என்று தெருவெல்லாம் பார்த்துக் கத்தினாள். கதவைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்துக் கத்தினாள். பிறகு ஆத்திரம் தாங்காமல் கதவின் மேல் ஓங்கி மூன்று அடி அடித்தாள்.

நாலு அடி தூரத்தில், மாத்திரையின் ஆழத்தில், பானுமதி புரண்டு படுத்தாள். அவளுக்கு மில்லில் மிஷின் நின்றுபோகிற மாதிரி கனவு வந்தது. மேஸ்திரி வருவதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று கனவில் பதறினாள். கண் திறக்கவில்லை.

ருக்குமணியின் புருஷன் பூபதி மில்லுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் ரொம்ப நியாயமாகத்தான் பதில் சொன்னார்.

"நைட் ஷிஃப்ட் ஆளுங்க பகல்ல இங்க ஏங்க இருக்கப் போறாங்க? காலையிலயே வேன் ஏத்தி அனுப்பியாச்சே."

பூபதி போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே சொன்னார். சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டினவன் உசுருக்குப் போராடிக் கெடக்கறான்" என்றாள் ருக்குமணி. "இவ எங்க சுத்தறான்னு தெரியலியே!"

அதை அவள் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். ஜீப் வந்தது, ஏற்றினார்கள், செம்மேட்டில் ஆம்புலன்சுக்கு மாற்றி நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். கிடைத்த வண்டியில் ஊரே பின்னால் போனது. சின்னுசாமி இடுப்பில் இருந்த சாவியை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஒரு வீட்டுச் சாவி வீட்டுக்காரன் இடுப்பில் இருப்பதில் என்ன இருக்கிறது?

* * *

பானுமதி கண் விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

இத்தனை நாளில் இப்படித் தூங்கியதே இல்லை. தலை கனமாக இருந்தாலும் மனசு லேசாக இருந்தது. இன்று ராத்திரி மேஸ்திரி பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டே போனைப் போட்டுப் பார்த்தாள். மணி நாலரை.

நாலரையா?

மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு வந்து நிற்கிறவன். கக்கூஸ் வெளியே இருக்கிறது என்பதால் ஐந்து நிமிஷம்கூடத் தாமதிக்கமாட்டான். போனில் டவர் இல்லை. அந்த வீட்டில் வாசலில் பலாமரத்தடிக்கு வந்தால்தான் டவர் கிடைக்கும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. எதிர் வீட்டுக் களத்தில் காயப்போட்ட ராகியைக் கோழிகள் கிளறித் தின்றுகொண்டிருந்தன. விரட்ட ஆள் இல்லை. அவள் வந்து வாழ்க்கைப்பட்ட இருபது வருடத்தில் இந்த ஊரை இப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குப் பயம் கிளம்பியது. வெறும் பயம்தான், காரணம் இன்னும் தெரியவில்லை.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். பிறகு தட்டை எடுத்துக் கம்பியில் அடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாட்டைப் பிடித்துக்கொண்டு பரிமளா வந்தாள். பூட்டிய வீட்டு ஜன்னலில் ஒரு முகத்தைக் கண்டதும் "அய்யோ" என்று கயிற்றை விட்டுவிட்டாள்.

"நான்தான் பரிமளா. பயப்படாத."

"அக்கா! நீங்க... உள்ளயா இருக்கீங்க?"

"காலையில இருந்து உள்ளதான் இருக்கேன். அவரு இன்னும் வரல. கொஞ்சம் பூட்டை ஒடைச்சு விடு, அவசரம்."

பரிமளா கடப்பாரை எடுத்து வந்து நெம்பினாள். நெம்பிக்கொண்டே கேட்டாள். "யாருக்கா பூட்டினது?"

"அவருதான்."

கடப்பாரை நின்றது. "அண்ணனா? உங்கள உள்ள வச்சா?"

"தெனமும் அப்படித்தான். மூணு மணிக்கு வந்து தொறப்பாரு." பானுமதிக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. மூன்று வார ரகசியம் உடைந்துபோனதில் லேசான வெட்கம்தான். "தூங்கறதுக்குத்தான் பரிமளா. எல்லாரும் வந்து எழுப்பறாங்கன்னு..."

பரிமளா கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. பூட்டு தெறித்து விழுந்தது. கதவு திறந்தும் அவள் வழிவிடாமல் அங்கேயே நின்றாள்.

"ஊர்ல ஏன் ஒருத்தரையும் காணோம்?" என்றாள் பானுமதி. "பரிமளா. என்னைப் பாத்துச் சொல்லு. அவரு எங்க?"

* * *

ஐந்தேகால் பஸ் கிளம்புகிற நேரத்தில் பானுமதி ஓடிவந்து ஏறினாள். காலில் செருப்பில்லை. கண்டக்டர் இடம் காட்டி, "உக்காருங்க, மொதல்ல உக்காருங்க" என்றார்.

பின்சீட்டில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முன்னால் இருந்த தெரிந்த பெண் ஒருத்தி திரும்பி, "இப்பத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள். எங்கிருந்து வந்ததாகக் கேட்கிறாள் என்று பானுமதிக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. எழுபது வளைவும் அவளுக்குத் தெரியும். தினமும் வேனில் இறங்குகிற வழிதான். அப்போதெல்லாம் இன்று ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் கவலை. இன்று அந்தத் தூக்கத்தையே வெறுத்தாள். இந்த ஊர் முழுக்கத் தன் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறது. தன் புருஷனைத் தன் வீட்டு வழியாகவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரைப் பிழைக்க வை, மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேண்டிக்கொண்டாள். மற்றதெல்லாம் என்றால் மில் வேலை என்று நினைத்துத்தான் வேண்டினாள்.

நாற்பத்தோராவது வளைவில் டவர் கிடைத்ததும் போன் அடித்தது. மகள்.

"கண்ணு! அப்பா எப்படி இருக்காரு?"

"தலையில அடிம்மா. இப்பத்தான் ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்க. எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க." சண்முகப்பிரியாவின் குரல் அழுது ஓய்ந்திருந்தது.

"பேசினாரா? உங்கிட்ட ஏதாச்சும் பேசினாரா?"

"ரெண்டே வார்த்தை. நான் போய்க் கையைப் புடிச்சேன். கண்ணைத் தொறந்தாரு. அம்மா எங்கப்பான்னு கேட்டேன். 'செம்மேட்டுக்குப் போயிருக்கா சாமி'ன்னாரு. அப்புறம் கண்ணை மூடிட்டாரு."

ஒரு நிமிஷம் பானுமதிக்கு விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டை உடைந்து கிடக்கும்போதும் அந்த மனுஷன் யாரும் போய்த் தன்னை எழுப்பிவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறான். அவள் பஸ் என்றும் பாராமல் விம்மி அழுதாள்.

"அழுவாதம்மா. நான் ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு."

"கேளு சாமி."

"பரிமளாக்கா அத்தைக்குப் போன் பண்ணினாங்க. நீ ஊட்டுக்குள்ளதான் இருந்தியாம். அப்பா தெனமும் உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாராம். எதுக்கும்மா?"

"நான் தூங்கறதுக்குத்தான்."

"தூங்கறதுக்கா?"

பானுமதிக்கே தான் சொன்னது காதில் விழுந்தபோது பொய் மாதிரிதான் இருந்தது.

"உள்ள வச்சுப் பூட்டிட்டு, ஊர்ல எல்லாருகிட்டயும் வெளிய போயிருக்கான்னு சொல்லியிருக்காரு. எங்கிட்டயும் அதையே சொல்றாரு. அப்பா ஏம்மா அப்படிச் சொல்லணும்? உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல கண்ணு. சத்தியமா ஒண்ணும் நடக்கல."

"ராசு மாமா சொல்றாரு, ஏணி சரியலயாம். அப்பாவேதான் கையை விட்டாராம்."

"அவரு தூங்கல ப்ரியா! ராத்திரியெல்லாம் தூங்கல. ஏறாதீங்கன்னு நான் சொன்னேன். மரத்து மேல கண்ணு அசந்திருக்கும், அதான்..."

"அம்மா, மெதுவாப் பேசு." மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க ஒரு போலீஸ்காரர் நோட்டோட வந்திருக்காரு. அத்தைகிட்டத்தான் விசாரிச்சிட்டிருக்காரு. அப்பா பேரையெல்லாம் எழுதி முடிச்சிட்டாரு. இப்ப உம் பேரை எழுதறாரு."